வெயிட் அன்டில் டார்க்: மேடையா, திரையா?

பிரெடரிக் நாட் எழுதிய 'வெயிட் அன்டில் டார்க்' நாடகம் 1966-இல் நியூயார்க்கின் பிராட்வேயில் அரங்கேறியது. அடுத்த வருடமே டெரன்ஸ் யங் அதைப் படமாக்கினார். ஹெராயின் ஒளித்த பொம்மையைத் தேடி வரும் கும்பலிடம், பார்வையற்ற சூசி தனியாக மாட்டிக்கொள்ளும் கதை. காரைக்குடியில் அடுத்து இதைத் தமிழில் போடலாமா என்று எங்கள் குழு யோசிப்பதால், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

படத்துக்கு இருக்கிற பெரிய பலம் சூசியாக நடித்த ஆட்ரி ஹெப்பர்னின் முகம். பயத்தை மறைத்துக்கொண்டு அவர் காது கொடுத்துக் கேட்பதை கேமரா கிட்டப் போய்க் காட்டுகிறது. மேடையில் பின்வரிசைக்கு இதெல்லாம் தெரியாது. பொம்மை கை மாறுவதைப் படம் முதலிலேயே வெளியுலகில் காட்டிவிடும். நாடகமோ அந்த ஒரே வீட்டை விட்டு நகராது.

ஆனால் கடைசிக் கட்டத்தில் நாடகம்தான் ஜெயிக்கிறது. சூசி விளக்குகளை உடைத்ததும் நாமும் அவளோடு ஒரே இருட்டில் உட்கார்ந்திருக்கிறோம். பிரிட்ஜ் கதவு திறந்து வெளிச்சம் வரும்போது அரங்கமே பதறும். இந்த அனுபவத்துக்காகத்தான் படம் ஓடிய தியேட்டர்களிலும் விளக்குகளைக் குறைத்தார்கள்.

எங்கள் ஊர் வீடுகளில் போடுவதென்றால் வளவு என்கிற முற்றம் சரிப்படாது, மேலே வானம் திறந்திருக்கும், நிலா வெளிச்சமே காரியத்தைக் கெடுத்துவிடும். தேக்குக் கதவுகளைச் சாத்திய உள் ஹால்தான் வேண்டும். அப்படி ஓர் இடம் கிடைத்தால், என் ஓட்டு நாடகத்துக்கே.