தாய்க்கு மாத்திரையா, குழந்தைக்குச் சொட்டு மருந்தா?

பால் குடிக்கும் குழந்தைக்கு ஏதாவது ஒரு சத்து போதாமல் போனால் இரண்டு வழி உண்டு. தாய்க்குக் கொடுத்துப் பால் வழியே அனுப்பலாம்; நேரே குழந்தையின் வாயிலும் விடலாம். எது மேல் என்று மொத்தமாகக் கேட்டால் பதில் கிடையாது. எந்தச் சத்து என்று சொன்னால்தான் பேச்சையே ஆரம்பிக்க முடியும்.

தாய் வழி சந்தேகமில்லாமல் ஜெயிப்பது வைட்டமின் பி12 விஷயத்தில். இறைச்சி, மீன், முட்டை, பால் எதையுமே தொடாத தாய் மாத்திரையும் எடுக்காவிட்டால், அவர் உடம்பில் இருப்பு குறையக் குறையப் பாலிலும் பி12 குறையும். அவருக்கு அது தெரியாமலே போகலாம். களைப்பு வந்தாலும், ‘பிள்ளை பெற்ற உடம்பு, தூக்கமும் இல்லை’ என்று விட்டுவிடுவார்கள். காட்டிக்கொடுப்பது குழந்தைதான். சில மாதங்கள் நன்றாக வளர்ந்த பிள்ளை சுணங்கும், முகம் பார்த்துச் சிரிப்பது குறையும், நின்ற தலை மறுபடி தொய்யும். அதற்குப் பிறகு குழந்தைக்கே மருத்துவம் தேவை; தாமதமானால் நரம்புப் பாதிப்பு நிலைத்துவிடலாம். அங்கே போகவிடாமல் தடுப்பது தாயின் மாத்திரை.

அயோடினும் தாய் வழிதான். பாலூட்டுபவருக்கு நாளுக்கு 250 மைக்ரோகிராம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்காக அள்ளிப் போடவும் கூடாது. மிதமிஞ்சினால் குழந்தையின் தைராய்டு மந்தமாகும்.

பாலில் மொத்தக் கொழுப்பைத் தாயின் சாப்பாடு பெரிதாக மாற்றாது, கொழுப்பின் வகையை மாற்றும். மீன் எண்ணெயில் உள்ள டிஹெச்ஏ என்ற ஒமேகா-3 கொழுப்பு சில மணி நேரத்திலேயே பாலில் தெரிய ஆரம்பிக்கிறது. மீன் சாப்பிடாதவர்கள் ஆளிவிதையை நம்புவதுண்டு. அது பாலில் டிஹெச்ஏவைக் கூட்டுவதில்லை. பாசி எண்ணெய் கூட்டும்.

உண்மையான போட்டி வைட்டமின் டி-யில்தான். சாதாரண அளவு மாத்திரையைத் தாய் சாப்பிட்டால் பாலுக்குப் போவது சொற்பம். தாய்க்கு தினம் 6400 யூனிட் கொடுத்தால், குழந்தைக்கு நேரே 400 யூனிட் கொடுப்பதற்குச் சமமான பலன் கிடைக்கிறது என்று 2015-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. ஒரே மாத்திரையில் இருவருக்கும் சத்து என்பது கவர்ச்சிதான். ஆனால் பெரியவர்களுக்கு வழக்கமாகச் சொல்லும் உச்சவரம்பே 4000 யூனிட். மருத்துவர் பார்வையில்லாமல் அதைத் தாண்டக் கூடாது. என் ஓட்டு சொட்டு மருந்துக்கு. ஒரு எச்சரிக்கை: சில மருந்துகளில் ஒரு சொட்டிலேயே 400 யூனிட், சிலவற்றில் ஒரு மில்லியில். பாட்டிலை மாற்றும்போது லேபிளைப் படிக்காமல் பழைய கணக்கில் ஊற்றினால் பல மடங்கு போய்விடும்.

இரும்புச்சத்தில் தாய் வழி தோற்கிறது. அவர் எவ்வளவு மாத்திரை விழுங்கினாலும் பாலில் இரும்பு ஏறாது. பிரசவத்தில் இழந்த ரத்தத்தை ஈடுகட்ட அவருக்கு அது தேவைப்படலாம், அது வேறு கதை. நிறைமாதக் குழந்தை பிறக்கும்போதே கொண்டுவந்த இருப்பு சுமார் ஆறு மாதம் வரை தாங்கும். பிறகு இணை உணவில் வர வேண்டும். குறைமாதக் குழந்தைக்கு அந்த இருப்பே குறைவு என்பதால் சொட்டு மருந்தை மருத்துவர் முன்கூட்டியே தொடங்குவார்.

கால்சியத்தில் போட்டியே இல்லை. தாய் சரியாகச் சாப்பிடாவிட்டாலும் பாலில் அது பெரும்பாலும் குறையாது. பாலூட்டும் மாதங்களில் தாயின் எலும்பு அடர்த்தி 3 முதல் 5 சதவீதம் வரை இறங்கும். பால் மறக்கடித்த பிறகு பெரும்பாலும் திரும்ப ஏறிவிடும்.