துப்பாக்கிக்கு முன்பே வழக்கறிஞர்: உறுப்பினர் திட்டமா, உள்ளூர் வக்கீலா?

பேர்லேண்ட் மீனாட்சி கோயிலில் தரிசனம் முடித்து இட்லித் தட்டோடு உட்கார்ந்திருந்தேன். ஹூஸ்டனில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கடை நடத்தி ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து அமர்ந்தார். "தம்பி, துப்பாக்கி வாங்கிவிட்டாயாமே. சுட வேண்டி வந்துவிட்டால் அடுத்த நிமிடம் யாரைக் கூப்பிடுவாய்?" என்றார். போலீஸை என்றேன். "அதற்கு அடுத்த நிமிடம்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

நகரின் தென்மேற்கே ஒரு பெட்ரோல் பங்க்கும் அதையொட்டிய கடையும் நடத்துகிறேன். இரவு பதினொன்றுக்கு மூடுவோம். 2021இல் கிரீன் கார்டு வந்தது. அதே சாலையில் இன்னொரு கடையில் கொள்ளை நடந்த பிறகு, 2023இல் கைத்துப்பாக்கி வாங்கினேன். பெரியவரின் கேள்விக்கு விடை தேடிப் பல மாதம் அலைந்தேன். தற்காப்புக்காகத் துப்பாக்கியைப் பயன்படுத்தியவரின் வழக்குக்கு உதவும் ஓர் உறுப்பினர் திட்டத்தில் ஓராண்டு சந்தா கட்டிவிட்டு விலகினேன். மூன்று வழக்கறிஞர்களை நேரில் பார்த்து ஒருவரை முடிவு செய்தேன். டெக்சாஸில் கிரீன் கார்டோடு வாழ்பவனின் கணக்கு இது. குடியுரிமை வாங்கிவிட்டவர்களுக்குத் தராசு வேறு பக்கம் சாயலாம்.

எளிதில் ஒதுக்கக்கூடியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். வக்கீல் வைக்க வசதியில்லாதவருக்கு அரசே வக்கீலைத் தர வேண்டும் என்று 1963இல் கிடியன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடையும் வீடும் வைத்திருப்பவருக்கு அந்தச் சலுகை கிடைப்பது கடினம். கிடைத்தாலும் யார் வருவார் என்பதை முன்கூட்டித் தீர்மானிக்க முடியாது. வீட்டுக் காப்பீடு சிவில் வழக்கில் ஓரளவு கைகொடுக்கலாம், கிரிமினல் வழக்குச் செலவுக்கு ஒரு டாலரும் தராது. சிவில் வழக்கிலும் அது எவ்வளவு தூரம் வரும் என்பதற்குப் பக்கத்து மாநிலத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. 1992இல் லூசியானாவின் பேட்டன் ரூஜில், ஹாலோவீன் விருந்துக்குப் போன ஜப்பானிய மாணவர் யோஷிஹிரோ ஹட்டோரி வீடு மாறி வேறொரு வாசலில் மணி அடித்தார். வயது 16. அவரைச் சுட்டுக் கொன்ற வீட்டுக்காரரை ஜூரி விடுதலை செய்தது. பின்னர் நடந்த சிவில் வழக்கில் அதே மனிதர் ஆறரை லட்சம் டாலர் தர வேண்டும் என்று தீர்ப்பானது. காப்பீட்டு நிறுவனம் கொடுத்தது ஒரு லட்சம்தான்.

மிஞ்சுபவை இரண்டு: மாதச் சந்தா கட்டும் உறுப்பினர் திட்டம், நாமே தேடி வைத்துக்கொள்ளும் உள்ளூர் வக்கீல்.

உறுப்பினர் திட்டங்கள் எல்லாம் ஒரே வகை என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. யுஎஸ்சிசிஏ (யு.எஸ். கன்சீல்டு கேரி அசோசியேஷன்) போன்றவை காப்பீட்டை அடித்தளமாகக் கொண்டவை. ஹூஸ்டனில் தலைமையகம் உள்ள யு.எஸ். லாஷீல்டு, முன்கூட்டியே கட்டணம் வாங்கிக்கொண்டு தன்னோடு ஒப்பந்தம் செய்த வக்கீல்களை அனுப்பும் சட்ட சேவைத் திட்டம். 2008இல் தொடங்கிய ஆர்ம்டு சிட்டிசன்ஸ் லீகல் டிஃபென்ஸ் நெட்வொர்க், உறுப்பினர்களின் பணத்தில் ஒரு நிதி சேர்த்து அதிலிருந்து உதவுகிறது, வக்கீலை உறுப்பினரே தேர்ந்தெடுக்கலாம். மூன்றுக்கும் பொதுவான பலம் பணம். இதை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன். டெக்சாஸில் கொலைக் குற்றத்துக்கு 5 முதல் 99 ஆண்டு வரை சிறை, அல்லது ஆயுள். அப்படி ஒரு வழக்கை ஜூரி முன் நடத்த வக்கீல் கட்டணம், தடயவியல் நிபுணர், ஜாமீன் என்று சேர்ந்தால் என் கடையை விற்றாலும் போதாமல் போகலாம். சேமிப்பு குறைவாகவும் குடியுரிமை உறுதியாகவும் இருப்பவர் திட்டத்தில் சேர்வதை நான் தடுக்க மாட்டேன்.

ஆனால் திட்டம் நிற்கும் தரை உறுதியானதா என்று பார்க்க வேண்டும். தேசிய துப்பாக்கிச் சங்கம் 2017இல் கேரி கார்டு என்ற காப்பீட்டைப் பெரிய விளம்பரத்தோடு கொண்டுவந்தது. மறு ஆண்டே நியூயார்க் மாநில நிதிச் சேவைத் துறை அது சட்டவிரோதம் என்று சொல்லி, விற்ற இடைத்தரகு நிறுவனமான லாக்டனுக்கு 70 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. வேண்டுமென்றே செய்த செயலுக்குக் காப்பீடு தர அம்மாநிலச் சட்டம் இடம் தரவில்லை. கலிஃபோர்னியாவின் காப்பீட்டுச் சட்டத்திலும் 533ஆம் பிரிவு இதே கருத்தைச் சொல்கிறது. தற்காப்பு என்பது வேண்டுமென்றே செய்யும் செயல்தானே? இந்த முடிச்சை ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதமாக அவிழ்க்கப் பார்க்கிறது. ஆகவே விதிகளில் மூன்று இடங்களைப் படித்தே தீர வேண்டும்: வக்கீலைத் தேர்ந்தெடுப்பது யார், நடந்தது தற்காப்புதான் என்று தீர்மானிப்பது யார், தண்டனை கிடைத்தால் செலவழித்த பணத்தைத் திருப்பிக் கேட்பார்களா.

இவற்றை எல்லாம் படித்த பிறகும் ஓராண்டு சந்தா கட்டினேன். என்னை விலக வைத்தது வேறொன்று. ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு, சோதித்துப் பார்க்கலாம் என்று ஹெல்ப்லைனை அழைத்தேன். உடனே எடுத்தார்கள், மரியாதையாகப் பேசினார்கள். "நான் கிரீன் கார்டு வைத்திருப்பவன். நீங்கள் அனுப்பும் வக்கீலுக்குக் குடியேற்றச் சட்டம் தெரியுமா?" என்று கேட்டேன். சற்று நேரம் எதிர்முனையில் சத்தமே இல்லை. பிறகு, குடியேற்ற விவகாரங்கள் திட்டத்தில் வராது என்றார் அந்தப் பெண். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஏன் என்று விளக்க வேண்டும், ஏனென்றால் என் முடிவு முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது. அமெரிக்காவில் மிகப் பெரும்பாலான கிரிமினல் வழக்குகள் விசாரணை வரை போவதே இல்லை. அரசுத் தரப்பும் வக்கீலும் பேரம் பேசி, சிறிய குற்றமொன்றை ஒப்புக்கொண்டு முடிக்கிறார்கள். கடை வாசலில் மிரட்டியவனை நோக்கி நான் துப்பாக்கியை நீட்டினேன் என்று வைத்துக்கொள்வோம். கொடிய ஆயுதத்தோடு தாக்குதல் என்ற பெயரில் 2 முதல் 20 ஆண்டு வரை சிறை கொண்ட வழக்காக அது தொடங்கலாம். பேரத்தின் முடிவில் 'சட்டவிரோதமாக ஆயுதம் எடுத்துச்சென்றது' என்ற சிறு குற்றமாக இறங்கிவிடலாம். அதோடு டெக்சாஸ் வக்கீல்கள் பெரிதும் விரும்பும் ஒரு வசதியும் வரும்: டெஃபர்ட் அட்ஜூடிகேஷன். குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும், நீதிபதி தீர்ப்பைத் தள்ளிவைப்பார், சில காலம் கண்காணிப்பில் ஒழுங்காக இருந்தால் வழக்கு தள்ளுபடியாகும். மாநிலச் சட்டப்படி அது தண்டனைத் தீர்ப்பே இல்லை. குடிமகனுக்கு இதைவிட நல்ல முடிவு கிடைப்பது அரிது.

கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கு அதுவே புதைகுழி. குற்றத்தை ஒப்புக்கொண்டு, அதற்கு ஏதாவது ஒரு தண்டனையோ கட்டுப்பாடோ விதிக்கப்பட்டிருந்தால், கூட்டரசின் குடியேற்றச் சட்டம் அதைத் தண்டனைத் தீர்ப்பாகவே எடுத்துக்கொள்ளும். மாநில நீதிமன்றம் பின்னர் தள்ளுபடி செய்தாலும் அது மாறாது. துப்பாக்கி தொடர்பான குற்றத்தில் தண்டனை என்றால், அது எவ்வளவு சிறியதாக இருந்தாலும், எத்தனை ஆண்டு இங்கே வாழ்ந்திருந்தாலும் நாடுகடத்தலுக்கு வழி திறந்துவிடுகிறது. ஒரு நாள்கூடச் சிறையில் இருக்காமல், வெற்றி என்று கை குலுக்கி வெளியே வந்தவருக்குச் சில ஆண்டுகள் கழித்து விமான நிலையத்தில் அது தெரியவரும். நாடுகடத்தல் ஆபத்தைப் பற்றிக் கட்சிக்காரருக்கு எச்சரிக்க வேண்டியது வக்கீலின் கடமை என்று 2010இல் படில்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கடமை இருப்பதும், நள்ளிரவில் வரும் வக்கீலுக்கு அது நினைவில் இருப்பதும் ஒன்றாகிவிடாது.

ஆகவே நான் பார்த்த ஒவ்வொரு வக்கீலிடமும் ஒரே சோதனை வைத்தேன். நான் கிரீன் கார்டுக்காரன் என்று நானாகச் சொல்லவில்லை. அவர் கேட்கிறாரா என்று காத்திருந்தேன்.

முதலாமவர் பெரிய அலுவலகம் வைத்திருப்பவர், நீதிமன்றத்தில் நல்ல பெயர். கடைசி வரை கேட்கவில்லை. என் உதாரணத்துக்கு, டெஃபர்ட் அட்ஜூடிகேஷன் வாங்கினால் பதிவே சுத்தமாகிவிடும் என்று உறுதியளித்தார். இரண்டாமவரின் பெரும்பாலான வழக்குகள் குடித்துவிட்டு வண்டி ஓட்டியவை. தற்காப்பு வழக்கு என்றால் "நான் செய்யவில்லை" என்று வாதிட முடியாது. "செய்தேன், அதற்குச் சட்டத்தில் நியாயம் உண்டு" என்று நிறுவ வேண்டும். அது வேறு வகை வேலை, எனக்குப் பழக்கம் குறைவு என்று அவரே நேர்மையாகச் சொன்னார். அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்றாமவர் ரிச்மண்டில், ஃபோர்ட் பெண்ட் கவுன்ட்டி நீதிமன்றத்துக்கு அருகில் இருக்கிறார். முன்பு அரசுத் தரப்பில் வாதாடியவர். டெக்சாஸில் கிரிமினல் சட்டத்தில் தேர்வெழுதிச் சிறப்புச் சான்று பெற்ற வக்கீல்களை மாநில வாரியத்தின் இணையதளத்தில் பெயர் போட்டுப் பார்க்கலாம். அப்படித்தான் அவரைக் கண்டுபிடித்தேன். நாற்காலியில் உட்கார்ந்ததும் அந்த அம்மையார் கேட்ட முதல் கேள்வி: "நீங்கள் குடிமகனா?" இல்லை என்றேன். பேனாவை எடுத்து, மஞ்சள் தாளின் தலைப்பில் என் பெயருக்கு முன்பாகவே அதை எழுதி அடிக்கோடிட்டார். எந்தப் பேரமானாலும் கையெழுத்துக்கு முன் தன்னோடு வேலை செய்யும் குடியேற்ற வக்கீல் ஒருவர் அதைப் படிப்பார் என்றார். அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன். ஒரு மணி நேர ஆலோசனைக்கு 350 டாலர் வாங்கினார். பெரிய முன்பணம் எதுவும் கேட்கவில்லை, ஆண்டுக்கு ஒரு முறை வந்து பார்க்கச் சொன்னார்.

அந்த ஒரு மணி நேரத்தில் கற்றது சந்தா கட்டிய ஓராண்டில் கற்றதைவிட அதிகம். சும்மா வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும் என்று நான் நினைத்திருந்தேன். போதாது. ஹூஸ்டனில் நடந்த ஒரு கொலை வழக்கில், கைதாகும் முன் போலீஸ் கேட்ட கேள்வி ஒன்றுக்குப் பதில் சொல்லாமல் இருந்தவரின் மௌனத்தை அரசுத் தரப்பு அவருக்கு எதிராகவே பயன்படுத்தியது. உரிமையை வாய்விட்டுக் கோரவில்லை என்பதால், 2013இல் சாலினாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதைத் தடுக்கவில்லை. "வக்கீலோடு பேசினால் நல்லதோ" என்று மழுப்பினாலும் பயனில்லை என்பது 1994இல் வந்த டேவிஸ் தீர்ப்பு. "என் வக்கீல் வரும் வரை எதுவும் பேச மாட்டேன்" என்று முழு வாக்கியமாக, தெளிவாகச் சொல்ல வேண்டும். அந்த அம்மையார் என்னை மூன்று முறை உரக்கச் சொல்ல வைத்தார். மூன்றாவது முறைதான் குரல் நடுங்காமல் வந்தது.

உள்ளூர் வக்கீலின் மதிப்பு இன்னோரிடத்திலும் தெரிகிறது. டெக்சாஸில் பெருங்குற்ற வழக்கு கிராண்ட் ஜூரியை, அதாவது குற்றம் சாட்டப் போதிய ஆதாரம் உண்டா என்று முடிவு செய்யும் குடிமக்கள் குழுவை, தாண்டித்தான் நீதிமன்றத்துக்குப் போகும். இங்கே பக்கத்தில் பசடீனாவில், 2007 நவம்பரில் அண்டை வீட்டில் திருடிக்கொண்டு வெளியேறிய இருவரை ஒருவர் சுட்டுக் கொன்றார். அவர் அவசர உதவி எண்ணான 911இல் பேசியது முழுவதும் பதிவாகியிருந்தது. 2008 ஜூனில் கிராண்ட் ஜூரி குற்றம் சாட்ட மறுத்தது. இடையில் ஏழு மாதம். அந்த மாதங்களில் நம் தரப்பை எழுத்தில் தொகுத்துக் கிராண்ட் ஜூரியின் பார்வைக்கு வைப்பது எப்படி, எந்த அரசு வழக்கறிஞரிடம் பேசுவது என்பதெல்லாம் அந்தக் கவுன்ட்டியில் புழங்கியவருக்கே கைவரும். எனக்கு இதுவரை வழக்கு எதுவும் வரவில்லை. ஜூரி முன் என் வக்கீல் எப்படி நிற்பார் என்பதை நான் கண்ணால் பார்த்ததில்லை. இந்த இடத்தில் பிறர் சொன்னதையும் பதிவேட்டையும் நம்பித்தான் பேசுகிறேன்.

பணத்துக்கு என்ன செய்வது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. வக்கீலை நாமே தேர்ந்தெடுக்கவிடும் நிதித் திட்டம் ஒன்றில் சேரலாமா என்று இப்போது யோசிக்கிறேன். அவருடைய பெயரையே அங்கே கொடுக்க முடிந்தால், இரண்டின் பலமும் கிடைக்கும்.

எச்-1பி வேலை விசாவில் இருக்கும் தம்பிமார்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு இந்த ஒப்பீடே பொருந்தாது. வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகளைத் தவிர, உங்கள் விசாவில் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே கூட்டரசுக் குற்றம். 2022க்குப் பிறகு அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டு. உச்ச நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்த ரெஹைஃப் வழக்கு, மாணவர் விசா செல்லாமல் போன ஓர் இளைஞர் ஃபுளோரிடாவில் சுடும் பயிற்சிக் கூடத்தில் துப்பாக்கியைக் கையில் எடுத்ததிலிருந்து தொடங்கியது. சனிக்கிழமை அலுவலக நண்பர்கள் அப்படி ஒரு கூடத்துக்கு அழைத்தால், கிளம்புவதற்கு முன் ஒரு வக்கீலிடம் கேட்டுவிடுங்கள். சட்டத்தை மீறிய நிலையில் துப்பாக்கி பிடித்திருந்தால், தற்காத்துக்கொண்டவர் நினைத்தது நியாயமே என்று டெக்சாஸ் சட்டம் தரும் சாதகமான அனுமானமும் கைவிட்டுப் போகலாம்.

சம்பவம் நடந்தால் போலீஸ் கைப்பேசியை ஆதாரமாக எடுத்துக்கொள்ளக்கூடும், ஆகவே வக்கீலின் எண் மனத்தில் இருக்க வேண்டும் என்றார் அந்த அம்மையார். வீட்டில் தினசரிக் காலண்டருக்குப் பக்கத்து அலமாரிக் கதவின் உட்புறம், என் மனைவி அதைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறாள். கடைக் கணக்கு முடித்து வரும் இரவுகளில், சாப்பாடு பரிமாறும் முன் என்னைச் சொல்லச் சொல்லிக் கேட்பாள். பத்து எண்களும் இப்போது தடுமாறாமல் வருகின்றன.