மதப் புறக்கணிப்பு வந்தால் நிற்பதா, வளைவதா? டிஸ்னி, ஃபோர்டு, டார்கெட் போன மூன்று வழிகள்

தன்பாலீர்ப்பாளர்களை வரவேற்கும் ஒரு நிறுவனத்தைப் பார்த்து ஒரு மத அமைப்பு "இனி இவர்களிடம் எதுவும் வாங்காதீர்கள்" என்று அறிவித்துவிட்டால் அந்த நிறுவனம் என்ன செய்யலாம்? பிடித்த பிடியில் நிற்கலாம், கொஞ்சம் வளைந்து கொடுத்துப் பார்க்கலாம், இல்லையென்றால் மெல்ல ஒதுங்கிக்கொள்ளலாம். மூன்றையும் செய்து பார்த்த பெரிய நிறுவனங்கள் அமெரிக்காவில் இருக்கின்றன. நின்றவர்கள் தப்பித்தார்கள், வளைந்தவர்களுக்கு இரண்டு பக்கமும் அடி விழுந்தது என்பதுதான் நான் பார்த்தவரை.

டிஸ்னியில் ஆரம்பிக்கலாம். 1997 ஜூனில் டாலஸ் நகரில் கூடிய சதர்ன் பாப்டிஸ்ட் கன்வென்ஷன், ஒன்றரைக் கோடிக்கு மேல் உறுப்பினர்கள் கொண்ட சபை, டிஸ்னியைப் புறக்கணிக்கத் தீர்மானம் போட்டது. அதற்கு முந்தைய வருடமே எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள். கோபத்துக்கு முக்கியமான காரணங்கள் மூன்று. தன்பாலீர்ப்பு ஊழியர்களின் துணைவர்களுக்கும் டிஸ்னி மருத்துவக் காப்பீடு கொடுத்தது. 1991இலிருந்து ஜூன் மாத முதல் சனிக்கிழமையில் ஆயிரக்கணக்கான தன்பாலீர்ப்பாளர்கள் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு ஃபுளோரிடா டிஸ்னி பூங்காவுக்கு வருவது வழக்கமாகியிருந்தது. டிஸ்னி அதை நடத்தவில்லை, ஆனால் தடுக்கவும் இல்லை. அப்புறம் டிஸ்னியின் ஏபிசி சேனலில் எலன் டிஜெனரஸ் நடித்த தொடரின் நாயகி அந்த ஏப்ரலில்தான் தன்னை லெஸ்பியன் என்று வெளிப்படையாகச் சொன்னார்.

டிஸ்னி எதையும் மாற்றவில்லை. காப்பீடு அப்படியே இருந்தது, சிவப்புச் சட்டைகளும் வருடா வருடம் வந்துகொண்டிருந்தன. எட்டு வருடம் கழித்து, 2005இல், எங்கள் அதிருப்தியைத் தெரிவித்தாயிற்று என்று சபையே புறக்கணிப்பை முடித்துக்கொண்டது. டிஸ்னிக்கு இருந்த வசதியையும் சொல்லியாக வேண்டும். பிள்ளைகளின் கார்ட்டூன், விடுமுறைப் பயணம், டிஸ்னியின் விளையாட்டுச் சேனலான ஈஎஸ்பிஎன்னில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் விடுவது எந்தக் குடும்பத்துக்கும் லேசான காரியம் இல்லை, மாற்று என்று கைகாட்டவும் பெரிதாக எதுவும் இல்லை.

ஃபோர்டுக்கு அந்த வசதி கிடையாது, பக்கத்துத் தெருவிலேயே வேறு கார் கம்பெனியின் ஷோரூம் இருக்கும். அமெரிக்கன் ஃபேமிலி அசோசியேஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பு 2005 மே மாதம் ஃபோர்டு மேல் புறக்கணிப்பு அறிவித்தது. டீலர்கள் பயந்துபோய் பேச்சு நடத்தினார்கள், புறக்கணிப்பு தள்ளிவைக்கப்பட்டது. டிசம்பரில், அப்போது ஃபோர்டு கையில் இருந்த ஜாகுவார், லேண்ட் ரோவர் கார்களுக்குத் தன்பாலீர்ப்பாளர் பத்திரிகைகளில் இனி விளம்பரம் இல்லை என்று செய்தி வந்தது. செலவைக் குறைக்கத்தான் என்றது ஃபோர்டு, தங்களுக்குக் கிடைத்த வெற்றி என்றது மத அமைப்பு. இந்தப் பக்கம் உரிமை அமைப்புகள் கொதித்ததும் சில நாட்களிலேயே ஃபோர்டு திரும்பி, தன் எட்டு பிராண்டுகளுக்குமே அந்தப் பத்திரிகைகளில் விளம்பரம் வரும் என்று கடிதம் எழுதியது. விளைவு, 2006 மார்ச்சில் புறக்கணிப்பு மறுபடி தொடங்கி இரண்டு வருடம் நீடித்தது. ஒரே மாதத்துக்குள் இரண்டு தரப்பையும் திருப்திப்படுத்தப் பார்த்து இரண்டு தரப்பின் நம்பிக்கையையும் தொலைத்தார்கள்.

அந்த வருடங்களில் ஃபோர்டு விற்பனை விழுந்தது உண்மை, 2006இல் மட்டும் 1,200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். புறக்கணிப்பு நடத்தியவர்கள் அது தங்கள் வேலை என்று சொல்லிக்கொண்டார்கள். ஆனால் பெட்ரோல் விலை ஏறி, ஃபோர்டு நம்பியிருந்த பெரிய வண்டிகளை ஜனங்கள் வாங்காமல் போன காலம் அது. இந்த மாதிரிக் கணக்குகளை யார் சொன்னாலும் நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். 2012இல் ஜேசி பென்னி கடைகள், நிஜத்திலும் லெஸ்பியனான எலனை விளம்பர முகமாக வைத்திருப்பதற்கு வந்த எதிர்ப்பைக் கண்டுகொள்ளாமல் உறுதியாக நின்றன, அதே வருடம் விற்பனை கால்வாசி சரிந்தது. ஆனால் கூப்பன்களையும் தள்ளுபடிகளையும் திடீரென்று நிறுத்தியதுதான் அங்கே பெரிய அடி.

அமெரிக்காவின் பெரிய சில்லறைக் கடைத் தொடரான டார்கெட் கதைதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. 2016இல் திருநர்கள் தங்கள் பாலின அடையாளத்துக்கு ஏற்ற கழிப்பறையைப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தபோது அதே ஃபேமிலி அசோசியேஷன் பத்து லட்சத்துக்கு மேல் கையெழுத்து வாங்கியது. டார்கெட் விதியை மாற்றவில்லை, 2 கோடி டாலர் செலவழித்து, ஒருவர் மட்டும் பூட்டிக்கொண்டு பயன்படுத்தும் கழிப்பறைகளைக் கட்டியது. யாரையும் விரட்டாமல் தயங்குகிறவர்களுக்கும் வழி செய்த நல்ல முடிவு அது. ஆனால் 2023 மே மாதம், தன்பாலீர்ப்பாளர்களும் திருநர்களும் ஜூனில் கொண்டாடும் பிரைடு மாதத்துக்காக வைத்த உடைகளுக்கு எதிர்ப்பு வந்து ஊழியர்களுக்கு மிரட்டல் வந்தபோது, சில பொருட்களை எடுத்துவிட்டார்கள், தென் மாநிலக் கடைகள் சிலவற்றில் மிச்சத்தைப் பின்பக்கத்துக்குத் தள்ளினார்கள். ஊழியர் பாதுகாப்பு நிஜமான கவலை, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த வருடம் அந்த உடைகள் எல்லாக் கடைகளுக்கும் வரவில்லை, 2025 ஜனவரியில், கறுப்பின மக்கள் போன்றவர்களுக்கு வாய்ப்புக் கொடுக்கும் பன்முகத்தன்மை இலக்குகளையே கைவிட்டார்கள்.

அதற்காவது எதிர்ப்பு நின்றதா? கம்பெனியின் சொந்த ஊரான மினியாபொலிஸ் பகுதியின் பிரைடு விழாக் குழு டார்கெட்டின் பணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அந்த 50,000 டாலரைப் பொதுமக்களிடம் திரட்டிக்கொண்டது. அட்லாண்டா பக்கத்தில் பெரிய கறுப்பினச் சபையின் போதகர் ஜமால் பிரையன்ட், இலக்குகளைக் கைவிட்டது கறுப்பின மக்களுக்குச் செய்த துரோகம் என்று, ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான லெந்தில் நாற்பது நாள் டார்கெட்டுக்குப் போகாத நோன்புக்கு அழைத்தார். சர்ச் பிரசங்க மேடையிலிருந்து எதிர்த்திசையிலும் புறக்கணிப்பு வரும் என்று டார்கெட் நிர்வாகத்தில் யாராவது கணக்குப் போட்டிருப்பார்களா என்று தெரியவில்லை.

மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குப் படுகிற வித்தியாசம், வரவேற்பு எங்கே இருந்தது என்பதுதான். டிஸ்னியில் அது ஊழியர் காப்பீட்டு விதியில் இருந்தது. அதை எடுத்தால் ஒரு ஊழியரின் துணைவருக்கு மருத்துவச் செலவு நின்றுபோகும், அந்தத் துணிச்சல் எளிதில் யாருக்கும் வராது. ஃபோர்டிலும் கடைசியில் டார்கெட்டிலும் சண்டை நடந்தது விளம்பரப் பக்கத்திலும் ஹேங்கரில் தொங்கும் பனியனிலும். ராத்திரியோடு ராத்திரியாக எடுத்துவிடலாம். எடுத்தும் விட்டார்கள். ஆனால் டிஸ்னியையும் கோயில் கட்டிக் கும்பிட வேண்டியதில்லை: 2022இல் ஃபுளோரிடாவில் பள்ளிகளில் பாலீர்ப்பு, பாலின அடையாளம் பற்றிய பேச்சையே கட்டுப்படுத்தும் சட்டம் வந்தபோது டிஸ்னியின் அப்போதைய தலைமை நிர்வாகி பாப் சேப்பக் முதலில் வாய் திறக்கவில்லை, ஊழியர்கள் கொந்தளித்த பிறகு மன்னிப்புக் கேட்டார், தாமதத்துக்கு ஊழியர்களிடமும், பிறகு சட்டத்தை எதிர்த்ததற்கு ஆளுநரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

நம் நாட்டில் இந்த அளவுகோல் அப்படியே பொருந்தாது. 2021 அக்டோபரில் டாபர், ஃபெம் என்ற முகப்பூச்சு பிளீச் விளம்பரத்தில் இரண்டு பெண்கள் சேர்ந்து, வட இந்தியாவில் மனைவி கணவனுக்காக இருக்கும் கர்வா சௌத் நோன்பு இருப்பதைக் காட்டியது. இருவரும் ஆளுக்கொரு சல்லடை வழியாக நிலாவைப் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் பார்ப்பார்கள், அவ்வளவுதான். மத்தியப் பிரதேச உள்துறை அமைச்சரே சட்ட நடவடிக்கை எடுப்பேன் என்று மிரட்டியதும் டாபர் விளம்பரத்தை எடுத்துவிட்டு மன்னிப்பும் கேட்டது. அமெரிக்க சபைகள் கையில் இருந்தது உறுப்பினர்களின் பணப்பை மட்டும். இங்கே போலீஸ் துறையைக் கையில் வைத்திருப்பவரே முன்னால் வந்து நிற்கிறார். அதனால் டாபரை நான் டார்கெட்டோடு சேர்த்துத் திட்ட மாட்டேன். ஆனாலும் விளம்பரத்தைத்தான் அமைச்சர் எடுக்கச் சொன்னார், அலுவலகத்துக்குள் துணைவருக்குக் காப்பீடு கொடுக்காதே என்று யாரும் சொல்லவில்லை. தன்பாலீர்ப்பு உறவு குற்றமில்லை என்று 2018இல் 377ஆம் பிரிவுத் தீர்ப்பு வந்த பிறகு அதைச் செய்ய இங்கே எந்த நிறுவனத்துக்கும் பெரிய தடை கிடையாது. ஜூன் மாதம் லோகோவை வானவில்லாக்கும் கம்பெனிகளிடம் நான் முதலில் கேட்க நினைப்பது அந்த ஒரு விஷயத்தைத்தான்.