பழைய ஆஸ்பத்திரி ஊரில் ஃபிளாட்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

ஹாம்ப்ஷயரில் நோல், டோர்செட்டில் சார்ல்டன் டவுன், சர்ரேயில் நெதர்ன்-ஆன்-த-ஹில். மூன்றும் இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் மனநல மருத்துவமனையாக இருந்து, மூடிய பிறகு ஊரானவை. நோல் ஆஸ்பத்திரி 1852-இல் திறந்து 1996-இல் மூடியது. இப்படிப்பட்ட ஊர்களில் பழைய வார்டுகளைப் பிரித்த ஃபிளாட்டுகளும் கிடைக்கும், ஆஸ்பத்திரி நிலத்தில் புதிதாகக் கட்டிய வீடுகளும் கிடைக்கும். புது வீடு எந்தக் குடியிருப்பு எஸ்டேட்டிலும் இருப்பதுதான். இங்கே வருவதென்றால் வார்டு ஃபிளாட்டுக்காக வரலாம்.

அதற்குக் காரணம் வெளிச்சம். நோயாளிகள் மேல் வெயில் படட்டும் என்று வார்டுகளைப் பெரும்பாலும் தெற்குப் பார்த்துக் கட்டினார்கள். உயரமான கூரை, ஆளுயர ஜன்னல், வெளியே வயதான மரங்கள் என்று பார்த்தவுடன் பிடித்துப்போகும். கட்டடத்தில் பெரிய குறை கிடையாது. தொல்லை வருவது அதை வீடாக மாற்றியபோது செய்த வேலையிலும், பொதுச் செலவைப் பங்கு போடும் பத்திரத்திலும்தான்.

முதலில் ஜன்னலைப் பாருங்கள். மேலும் கீழும் நகரும் இந்த மரச் சட்டங்கள், ஆள் வெளியேறாதபடி சுமார் 5 அங்குலமே திறக்குமாறு செய்யப்பட்டவை. சில இடங்களில் அந்தத் தடுப்பு இன்னும் இருக்கிறது; சில இடங்களில் பெயின்ட் அடித்தே ஒட்டிப்போயிருக்கும். ஒவ்வொன்றையும் கையால் தூக்கிப் பாருங்கள். ‘லிஸ்டெட்’, அதாவது சட்டம் பாதுகாக்கும் பாரம்பரியக் கட்டடமென்றால் இரட்டைக் கண்ணாடிக்கு அனுமதி கிடைப்பது கடினம். அதனால் உள்பக்கம் இன்னொரு கண்ணாடிச் சட்டம் போட்டிருப்பார்கள். குளிருக்கு 2 செ.மீ. இடைவெளியே போதும், சத்தம் குறைய 10 செ.மீ.யாவது வேண்டும். உள்சட்டம் இறுக்கமாக மூட வேண்டும், வெளிச்சட்டத்தில் கொஞ்சம் காற்று போகலாம். இது தலைகீழானால் அறையின் ஈரம் இடையில் புகுந்து வெளிக்கண்ணாடியில் நீராய்ப் படியும். குளிர்காலக் காலையில் போய், வெளிச்சட்டத்தின் அடிக்கட்டையில் கறுப்புப் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். நகத்தால் அழுத்தினால் உள்ளே போகிறதென்றால் மரம் உளுத்துவிட்டது.

அடுத்தது சத்தம். நீண்ட வார்டைப் பலகைச் சுவரால் நறுக்கியிருப்பார்கள். அந்தச் சுவர் ஒரு ஜன்னலின் நடுக்கட்டையில் வந்து முட்டினால் பக்கத்து வீட்டுப் பேச்சு அங்கே கசியும். இப்படி மாற்றிய கட்டடங்களுக்கு இப்போதைய விதி, வீடுகளுக்கிடையே காற்றில் வரும் சத்தத்தை 43 டெசிபலாவது தடுக்க வேண்டும் என்கிறது. இது 2003 ஜூலையில் வந்தது. அதற்குப் பின் மாற்றிய கட்டடமென்றால் ஒலிச் சோதனைச் சான்றிதழ் கேளுங்கள். முந்தையது என்றால் மேல்மாடியில் யாரையாவது ஷூவோடு நடக்கச் சொல்லிக் கீழே நின்று கேளுங்கள்.

வெளிச்சுவரில் செங்கலின் முகம் செதில் செதிலாக உதிர்ந்திருந்தால், சுண்ணாம்புச் சாந்து இருந்த இணைப்புகளில் பின்னால் யாரோ சிமென்ட் பூசியிருக்கலாம். ஈரம் இணைப்பு வழியாக வெளியேற முடியாமல் செங்கலில் தங்கி, உறைபனியில் உடைக்கிறது. சிமென்டை எடுத்துச் சுண்ணாம்பு பூசுவதற்கான செலவில் உங்கள் பங்கும் வரும். லிஸ்டெட் கட்டடத்தில் முந்தைய உரிமையாளர் அனுமதியில்லாமல் எதையாவது மாற்றியிருந்தால், அதைச் சரிசெய்யச் சொல்லும் நோட்டீஸ் இப்போதைய உரிமையாளருக்குத்தான் வரும். அதற்குக் காலக்கெடுவும் இல்லை.

இனி பணம். ஃபிளாட் லீஸ்ஹோல்டு, அதாவது நிலம் வேறொருவருடையது, உங்களுக்கு நீண்டகாலக் குத்தகைதான். ஸ்லேட் கூரை, சாரம், சில இடங்களில் பழைய தண்ணீர்க் கோபுரம் வரை எல்லாப் பராமரிப்பும் சர்வீஸ் சார்ஜ் என்ற பொதுக் கட்டணத்தில் சேரும். ஒரு வேலைக்கு ஒருவரின் பங்கு 250 பவுண்டைத் தாண்டினால், 1985 சட்டத்தின் 20-ஆம் பிரிவுப்படி கட்டட உரிமையாளர் ஃபிளாட்காரர்களோடு முன்கூட்டியே கலந்தாலோசிக்க வேண்டும். அப்படி ஏதும் நோட்டீஸ் நிலுவையில் உள்ளதா என்று உங்கள் சொலிசிட்டர் (வக்கீல்) எல்.பி.இ.1 என்ற லீஸ்ஹோல்டு விசாரணைப் படிவத்தில் கேட்பார். மூன்று வருடக் கணக்கையும் கையிருப்பு நிதியையும் நீங்களே வாசியுங்கள். கையிருப்பு காலியாக இருந்து கூரை பழசாகவும் இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், இல்லையேல் விட்டுவிடுங்கள்.

புது வீடு ஃப்ரீஹோல்டுதானே, நிலமும் நமக்கே சொந்தம்தானே என்று இருந்துவிடாதீர்கள். சாலையைக் கவுன்சில் எடுத்துக்கொள்ளாத எஸ்டேட்டுகளில் சாலை, விளக்கு, புல்வெளி எல்லாவற்றுக்கும் ஆண்டுக் கட்டணம் உண்டு. பத்திரத்தில் அது ‘ரென்ட்சார்ஜ்’ (நிலத்தோடு கட்டப்பட்ட கட்டணம்) என்று எழுதியிருந்தால் 1925 சட்டத்தின் 121-ஆம் பிரிவைக் கவனியுங்கள். 40 நாள் பாக்கி வைத்தாலே வீட்டின் மேல் கைவைக்க அது வழி தருகிறது. அடமானக் கடன் தரும் வங்கிகள் அந்த உரிமையை நீக்கும் திருத்தப் பத்திரம் கேட்பதுண்டு. அதை விற்பவர் செலவில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்றாட வாழ்க்கைக்குக் கார் வேண்டும். கூட்டம் கூட இடம் பெரும்பாலும் இருக்கும். சார்ல்டன் டவுனில் ஆஸ்பத்திரியின் ஹெரிசன் ஹால்தான் இன்று ஊர் மண்டபம். தடித்த செங்கல் சுவரை வைஃபை சரியாகத் தாண்டாது, அதனால் குடிபுகும் முன்பே அறைக்கு அறை கேபிள் இழுத்துவிடுங்கள். அந்தச் சுவரில் துளை போடவும் அனுமதி தேவைப்படலாம். கவுன்சிலின் பாரம்பரியக் கட்டட அதிகாரியிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.