கல்லீரல் நோயாளிக்குத் தூக்க ஊசி: குன்னூரில் எங்களுக்கு நடந்தது

அம்மாவுக்கு 61 வயது. கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர். ஒரு சொட்டு குடித்ததில்லை. பல வருஷச் சர்க்கரை, கல்லீரலில் கொழுப்பு, அது முற்றிக் கல்லீரல் சுருங்கிவிட்டது. வைத்தியம் கோவையில்.

போன மாதம் நான்கு நாளாக மலம் போகவில்லை. பகலெல்லாம் தூக்கம், ராத்திரி முழுக்க விழிப்பு. ஒரு ராத்திரி சுவெட்டர் பட்டனை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே இருந்தார். கையை நீட்டச் சொன்னால் மணிக்கட்டு படபடவென்று அடித்துக்கொண்டது. அப்பா இறந்து ஒன்பது வருஷமாகிறது, "அப்பா வேலை முடிஞ்சு வந்தாச்சா?" என்று கேட்டார். பயந்துபோய் குன்னூரில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம்.

கோவை ஃபைலை நீட்டினேன். டியூட்டி டாக்டர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "வயசானா இப்படித்தாம்மா" என்று தூக்க ஊசி போடச் சொல்லிவிட்டார். காலையில் நர்ஸ், "நல்லா தூங்குறாங்க அக்கா" என்றார். நானும் நம்பினேன். அன்று இரவு இன்னொரு ஊசி. மூன்றாம் நாள் தட்டி எழுப்பியும் கண் திறக்கவில்லை. கோவைக்குக் கொண்டுபோகிறோம் என்றால், முழுப் பணமும் கட்டினால்தான் பேப்பர் தருவோம் என்றார்கள். அதிலேயே இரண்டு மணி நேரம் போனது.

14 கொண்டை ஊசி வளைவும் இறங்கி கோவை அரசு மருத்துவமனைக்குப் போனதும் டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "மலம் போய் எத்தனை நாளாச்சு? தூங்குறதுக்கு ஏதாவது கொடுத்தாங்களா?" கெட்டுப்போன கல்லீரலால் குடலில் உண்டாகும் அம்மோனியாவை அகற்ற முடியாது, அது மூளைக்கு ஏறிவிடும் என்றார். மலச்சிக்கல், கிருமித்தொற்று, உள்ளே ரத்தக்கசிவு, தூக்க மருந்து, எது வந்தாலும் அதைக் கிளப்பிவிடுமாம். மலத்தை இளக்கி அம்மோனியாவை வெளியேற்றும் லாக்டுலோஸ் மருந்தை எனிமாவாகக் கொடுத்தார்கள். வயிற்றில் கோர்த்திருந்த நீரைக் கொஞ்சம் எடுத்துக் கிருமி இருக்கிறதா என்றும் பார்த்தார்கள். மறுநாள் சாயங்காலம் அம்மா கண் திறந்து, "ஆட்டுக்குத் தழை போட்டியா?" என்றார். நான் வராந்தாவில் போய் அழுதேன்.

மலையில் இருக்கிறவர்களே, கல்லீரல் நோயாளியின் பேச்சு குழம்பினால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். தூக்க ஊசி என்று யாராவது சொன்னால் கையைப் பிடித்து நிறுத்தி, ஃபைலைப் படிக்கச் சொல்லுங்கள். மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசியும் வேண்டாம், சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். வீட்டில் லாக்டுலோஸ் குடிப்பவருக்குத் தினமும் இரண்டு மூன்று தடவை இளக்கமாகப் போகிறதா என்று கவனியுங்கள்.

அப்புறம், மருந்துக்கடை பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். குன்னூர் மருத்துவமனை கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியில் ஊசியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பில்லில்தான் இருந்தது: லோராஸெபம், இரண்டு.