சுவர் ஓவியமா, மன்ற நாடகமா?

பெண்களின் உழைப்பைக் கொண்டாட ஊர் கூடிச் செய்யும் கலை என்றால் பலருக்கும் முதலில் தோன்றுவது சுவர் ஓவியம்தான். சரி, அது நிலைத்து நிற்கும். அமெரிக்க ஓவியர் ஜூடி பாக்கா 1976-இல் லாஸ் ஏஞ்சலஸில் வரையத் தொடங்கிய நெடுஞ்சுவர் ஏறக்குறைய அரை மைல் நீளம். 400-க்கும் மேற்பட்ட இளைஞர்கள் சேர்ந்து வரைந்தார்கள். பாடப்புத்தகத்தில் இடம் கிடைக்காதவர்களுக்கு அதில் முகம் கிடைத்தது.

ஆனால் சுவர் பதில் பேசாது. பிரேசில் நாடகக் கலைஞர் அகஸ்டோ போவால் 1970-களில் உருவாக்கிய மன்ற நாடகத்தில், பார்ப்பவரே காட்சியை நிறுத்தி மேடையேறலாம். வீட்டுவேலை முழுவதும் ஒருத்தி தலையில் விழும் காட்சியை, பார்த்துக்கொண்டிருந்த இன்னொருத்தி எழுந்து வந்து மாற்றி நடிப்பாள். அதை அவள் வீட்டு ஆண்களும் பார்க்கிறார்கள், அப்புறம் பேசுகிறார்கள். கையில் இருக்கும் பணம் இரண்டில் ஒன்றுக்கே போதுமென்றால், நான் நாடகத்தையே எடுப்பேன்.