பியகமயிலிருந்து வந்ததா, பில்சனிலிருந்து வந்ததா?

கொழும்பில் இரண்டு பியரை ஒப்பிட உட்கார்ந்தால் முதலில் தேட வேண்டியது அச்சிட்ட திகதியை. பேர் பிறகு. வெப்பம் 10 பாகை கூடினால் பியர் பழசாகும் வேகம் இரண்டு மூன்று மடங்காகும். மாதக்கணக்கில் கப்பலிலும் களஞ்சியத்திலும் வெந்த லாகரை (குளிரில் புளிக்கவைத்த பியர்) மூக்கருகே கொண்டுபோனால் நனைந்த காட்போட் மட்டை மணக்கும்.

செக் நாட்டின் பில்சன் நகரத்துப் பில்ஸ்னர் ஊர்க்வெல் (மதுசாரம் 4.4%) 1842இல் பிறந்தது, பொன்னிற லாகர்களுக்கெல்லாம் மூத்தது. சாட்ஸ் ஹொப்பின் (ஹொப் என்பது பியருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) கசப்பும் பாண் மேலோட்டின் வாசமும் சேர்ந்து வரும். கொழும்புக்குப் பக்கத்துப் பியகமயில் வடிக்கும் லயன் லாகருக்கு (4.8%) அந்த ஆழம் கிடையாது, இலேசு, சுத்தம், அவ்வளவுதான். ஆனால் மூன்று கிழமை வயதான பியகம லயனையும் எட்டு மாத வயதான ஊர்க்வெல்லையும் பக்கத்தில் வைத்தால், எங்கள் ஓட்டு லயனுக்கே. பச்சைப் போத்தலும் வெள்ளைப் போத்தலும் கடை டியூப்லைட்டுக்குக் கீழே நின்றிருந்தால் இன்னும் மோசம்: ஒளி பட்டு ஹொப்பின் கசப்புப் பொருள் உடைந்து கந்தக வாடை கிளம்பும். கொரோனா பியர்ப் போத்தலுக்குள் செருகும் தேசிக்காய் அதை மறைக்கும், திருத்தாது. மண்ணிறப் போத்தலோ டின்னோ எடுங்கள்.

வறுத்த தானியத்தால் கறுத்த பியரான ஸ்டவுட்டில் கதை வேறு. லயன் ஸ்டவுட்டைப் பிரித்தானியப் பியர் எழுத்தாளர் மைக்கல் ஜக்சன் (பாடகர் இல்லை, மற்றவர்) உலகத்துக்குத் தூக்கிக் காட்டினார். 8.8%. கறுத்த சொக்லேட், கருப்பட்டிப் பாகு, கடைசியில் நெஞ்சுக்குள் ஒரு சூடு. அயர்லாந்தின் கினஸ் ட்ராஃப்ட் அதே கறுப்புத்தான், பாரமானது என்று பலர் பயப்படுவார்கள், 4.2%தான், லயன் லாகரைவிடவும் குறைவு. அதன் கிறீம் போன்ற நுரைக்குக் காரணம் டின்னுக்குள் கிடக்கும் சிறு பிளாஸ்டிக் உருண்டை. திறந்ததும் அழுத்தம் குறைய, அதிலிருந்து நைதரசன் பாய்ந்து மிக நுண்ணிய குமிழிகளை எழுப்பும். டின் சரியாகக் குளிராமல் திறந்தால் பாதி மேசையில். கினஸ் ஃபொரின் எக்ஸ்ட்ராவில் (7.5%) உருண்டை இல்லை, வறுத்த பார்லியின் கோப்பிக் கசப்பு கூர்மையாக நிற்கும். லயன் ஸ்டவுட்டுக்குச் சரியான போட்டி இதுதான்.

கணக்கையும் பாருங்கள். 625 மி.லீ. லயன் லாகரில் தூய மதுசாரம் 30 மி.லீ. 330 மி.லீ. லயன் ஸ்டவுட் டின்னில் 29. சின்ன டின்தானே என்று இரண்டாவதை உடைப்பவர் இரண்டு பெரிய போத்தலுக்குச் சமமாகக் குடிக்கிறார். ஐஸ் குளிரில் ஸ்டவுட் வெறும் கசப்பு. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துப் பதினைந்து நிமிடம் விட்டால்தான் சொக்லேட் வாசம் எழும். கொழும்பு வெக்கையில் அதற்கு மேல் விட வேண்டாம்.

கைவினைப் பியர் என்றதும் எல்லோரும் கேட்பது கலிபோர்னியாவின் சியரா நெவாடா பேல் ஏல் (1980 முதல், 5.6%). கஸ்கேட் ஹொப்பின் பம்பளிமாஸ் மணம்தான் அதன் உயிர், முதலில் சாவதும் அதுதான். பயணப்பெட்டியில் வந்தால் வந்த வாரமே குடியுங்கள். பெல்ஜியத்தின் ஷிமே நீலம் (9%) எதிர்மாறு: போத்தலுக்குள் ஈஸ்ட் உயிரோடு இருப்பதால் வருடக்கணக்கில் தாங்கும். நிமிர்த்தி வைத்து, அடிமண்டியை விட்டுவிட்டு ஊற்றுங்கள். ஜேர்மனியின் வைஹன்ஸ்டெஃபன் கோதுமைப் பியரில் (5.4%) அந்த மண்டிதான் வேண்டும், கடைசி இரண்டு விரல் அளவைச் சுழற்றிக் கலக்கி ஊற்றினால் வாழைப்பழமும் கராம்பும் மணக்கும். இறால் வடைக்கு இதைவிட நல்ல துணை இல்லை. டெவில்ட் சிக்கனின் உறைப்பில் பேல் ஏலின் கசப்பு இன்னும் ஏறும். அங்கே லயன் லாகரே போதும்.

நுரை நிற்காவிட்டால் பியரைத் திட்டாதீர்கள், கிளாசில் எண்ணெய். சவர்க்காரம் போக அலசி, துடைக்காமல் ஈரத்தோடே சரித்து ஊற்றுங்கள்.

போயாவுக்குக் கடை பூட்டு என்று முதல்நாளே வாங்குபவர்கள் அதைக் கார் டிக்கியில் மறந்துவிடுவது வழக்கம். ஒரு பகல் வெயிலில் காரோடு நின்ற லாகரை மறுபடி குளிரவைத்துப் பயனில்லை. கோழி ஊறப்போட எடுங்கள்.